செய்தியில் அடங்காத சிங்கப்பூர்

பத்திரிகை வேலையை விட்டு வந்தவர் கவிதை எழுதுகிறார், கதை எழுதுகிறார், அதையும் இணையத்தில் எழுதுகிறார் என்றால் நம் ஊரில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்வார்கள். ஓய்வுபெற்றவருக்குப் பொழுது போகவில்லை என்பது ஒன்று. இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை இப்போதுதான் வெளியே விடுகிறார் என்பது இன்னொன்று. முதலாவதில் கேலி இருக்கிறது, இரண்டாவதில் அனுதாபம் இருக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: செய்தி எழுதுவது ஒரு தொழில், இலக்கியம் வேறொரு தொழில், இவர் பாதி வழியில் கட்சி மாறிவிட்டார். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்த எண்ணத்துக்கு ஆதாரம் கிடைப்பதில்லை. இங்கே கதையும் கவிதையும் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தவை. செய்தியாளர் அவற்றை நோக்கிப் போவது திரும்பிப் போவதுதான். ஆனால் இணையத்துக்குப் போகும்போது அவர் ஒன்றைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறார். அதைப் பற்றித்தான் இக்கட்டுரை கவலைப்படுகிறது.

1887ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘சிங்கை நேசன்’ வார இதழ் வெளிவரத் தொடங்கியது. சி.கு. மகுதூம் சாயபு அதன் ஆசிரியர். கப்பல் வரவு, சந்தை விலை, ஊர்ச் செய்தி, வாசகர் சண்டை எல்லாம் கலந்த இதழ் அது. 1890 வரை நடந்தது. அதில் 1888இல் ‘வினோத சம்பாஷணை’ என்ற பெயரில் ஒன்றை அவர் எழுதினார். பெயரைப் போலவே உரையாடல்தான். ஊர் நடப்பை நேரடியாகத் தாக்காமல் பாத்திரங்களைப் பேசவிட்டுக் கிண்டல் செய்யும் எழுத்து. இதைச் சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதையாகக் கொள்ளலாம் என்று வாதிட்டவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை இலக்கணத்துக்குள் அது வராது என்று மறுத்தவர்களும் உண்டு. அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை, தீரவேண்டிய அவசரமும் இல்லை. நமக்கு முக்கியம் வேறு. செய்தி எழுதிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியருக்கு, செய்தி என்ற வடிவம் போதாமல் போன நேரம் வந்திருக்கிறது. அவர் வேலையை விடவில்லை, வேறு பத்திரிகை தேடவில்லை. அதே இதழின் பத்தியில் ஆட்களை உருவாக்கிப் பேசவைத்தார். இங்கே புனைவு தொடங்கிய விதம் இதுதான்.

பின்னால் வந்த கதையும் இதையொட்டியே நடந்தது. 1935 ஜூலையில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தொடங்கிய ‘தமிழ் முரசு’, கோ. சாரங்கபாணியின் கையில் செய்தித்தாளாக மட்டும் இருக்கவில்லை. புத்தகம் போட வசதியும் பதிப்பகமும் இல்லாத ஒரு சமூகத்துக்கு அதுவே பதிப்பகம், பயிற்சிக்கூடம், மேடை. 1950களில் அவர் நடத்திய மாணவர் மணிமன்றப் பக்கங்களில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் செய்தியாளர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்தார்கள். ஜே.எம். சாலி முரசில் துணையாசிரியராக இருந்தார், சென்னைக்குப் போய் ஆனந்த விகடனில் பணியாற்றினார், திரும்பி வந்து சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் இருந்தார். இந்த மூன்று இடங்களிலும் வேலை செய்துகொண்டே கதைகளும் நாவல்களும் எழுதிக் குவித்தார். 2012இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. வானொலிக்காரர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1987இல் கலாசாரப் பதக்கம் பெற்ற ந. பழநிவேலு வானொலியில் வேலை பார்த்தவர். புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணனும் அப்படியே. கம்பத்து வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழுந்த காலத்தில் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்ற தொடர் நாடகத்தை அவர் வாராவாரம் வானொலியில் நடத்தினார். மறுகுடியேற்றம் பற்றிய செய்தி அறிக்கைகளை இன்று ஆய்வாளர்தான் தேடிப் படிப்பார். அண்ணாசாமியை இன்றும் சிரித்துக்கொண்டே நினைவுகூரும் தலைமுறை ஒன்று இருக்கிறது.

இந்த வரிசையில் நமக்கு நெருங்கிய காலத்தவர் லதா என்ற கனகலதா. நீர்கொழும்பில் பிறந்து, சிங்கப்பூரில் வளர்ந்து, தமிழ் முரசில் நீண்ட காலம் பணியாற்றியவர். ‘தீவெளி’, ‘பாம்புக் காட்டில் ஒரு தாழை’ ஆகிய கவிதைத் தொகுப்புகளுக்குப் பிறகு 2007இல் வந்த அவருடைய ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ சிறுகதைத் தொகுப்புக்கு 2008ஆம் ஆண்டின் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. நாள்தோறும் செய்தி எழுதுகிறவரிடம் எதிர்பார்க்கும் விவர அடுக்கு அவர் கதைகளில் இல்லை. விவரத்தைக் குறைத்து மௌனத்தைக் கூட்டும் எழுத்து அது. எதை விட வேண்டும் என்பதை நாள்தோறும் முடிவு செய்துகொண்டிருந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும் என்பது என் கணிப்பு.

ஏன் செய்தியாளர்களுக்கு இந்த இடப்பெயர்ச்சி தேவைப்படுகிறது? செய்தி தோற்றுப்போவதால் அன்று. செய்திக்கு ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்து முடித்தபின் மிச்சம் ஒன்று தங்கிவிடுகிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமான ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதையடுத்துக் கலவரம் மூண்டது. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் பெரிய கலவரம் அது. எரிந்த வாகனங்கள், கைதானவர்கள், நாடுகடத்தப்பட்டவர்கள், விசாரணைக் குழு, அதன் அறிக்கை, 2015இல் வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பதிவு செய்தன. செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தன. ஆனால் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரனைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்ப, தமிழில் நாலு வார்த்தை பேச தேக்கா என்ற அந்த வட்டாரத்துக்கு வந்து, திரும்பிப் போகப் பேருந்துக்கு நிற்கும் ஒருவனின் மனம் எந்தப் பத்தியில் அடங்கும்? 2020இல் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. கொவிட் கிருமித்தொற்று எண்ணிக்கையைச் சுகாதார அமைச்சு அன்றாடம் வெளியிட்டபோது, சமூகத்தில் இத்தனை பேர், வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் இத்தனை பேர் என்று தனித்தனியாகவே வந்தது. தொற்று பரவும் வழி வேறு, தடுக்கும் முறை வேறு, ஆகவே எண்ணிக்கையும் வேறு என்பதில் நிர்வாக நியாயம் உண்டு. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த கோட்டைப் பற்றி எழுத வேண்டியது செய்தியாளரின் வேலை அன்று, கதாசிரியரின் வேலை. இரண்டு வேலையும் தெரிந்தவர் ஒருவரே இருந்தால் நல்லதுதானே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பத்திரிகைத் தமிழ் இலக்கியத்தைக் கெடுத்துவிடும் என்பது அது. அவசரம், தட்டையான வாக்கியம், தேய்ந்த தொடர்கள், முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும் பழக்கம், எதையும் விளக்கிவிட்டுத்தான் நகர்வேன் என்ற பிடிவாதம், இவையெல்லாம் கையோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பாத்திரங்களின் வாயில் தலையங்கத்தைத் திணித்த கதைகள் நம்மிடம் ஏராளம். முதியோர் இல்லம், மொழி இழப்பு, பணிப்பெண் கொடுமை என்று தலைப்பைப் பார்த்தவுடனேயே முடிவு தெரிந்துவிடும் கதைகள் அவை. ஆனால் இந்த நோய் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் வருவதில்லை. ஆசிரியர்கள் எழுதும் கதைகளில் பாடம் நுழைகிறது, மேடைப் பேச்சாளர் எழுதும் கவிதையில் கைதட்டலுக்கான இடைவெளி நுழைகிறது. எந்தத் தொழிலும் தன் வாசனையைக் கொண்டுவரும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாரதி 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்து தந்திச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவர். புதுமைப்பித்தன் தினமணியில் டி.எஸ். சொக்கலிங்கத்தின் கீழே வேலை பார்த்தவர். கு. அழகிரிசாமி 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் தமிழ் நேசனில் இருந்தார். அவரைச் சுற்றி மலாயாவில் எழுத்தாளர் வட்டம் ஒன்றே உருவானது. இவர்கள் மூவரும் பத்திரிகையில் இருந்தும் எழுதினார்கள் என்று பெருமூச்சு விடுவது வழக்கம். பத்திரிகையில் இருந்ததால் எழுத்தில் எது கூடியது என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி. சந்தையில் பேசும் மொழியின் மீது அவர்களுக்கு இருந்த கூச்சமின்மை, சொல் சிக்கனம், வாசகன் எந்த வரியில் எழுந்து போய்விடுவான் என்ற எச்சரிக்கை, இவை செய்தி மேசையில் கற்ற பாடங்கள்.

இனி இணையம். இதிலும் சிங்கப்பூருக்கு ஒரு தனிப் பெருமை இருக்கிறது. நாமே அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். தமிழ் எழுத்துரு என்பதே பலருக்குத் தெரியாத காலத்தில், 1995 அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழும் இருந்தது. தமிழ் வலைப்பக்கங்களில் மிகத் தொடக்கத்தில் வந்தவற்றுள் அது ஒன்று. அதாவது இந்நாட்டில் தமிழ் இணையத்தில் ஏறியபோது கவிதையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறியது. அதன் பின்னால் உழைத்த தமிழர், மகுதூம் சாயபுவின் உரையாடலைப் பழைய இதழிலிருந்து தோண்டியெடுத்துப் பேசிய அதே நா. கோவிந்தசாமிதான். கதாசிரியர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர், ‘கணியன்’ எழுத்துருவையும் விசைப்பலகையையும் உருவாக்கியவர். 1997இல் தமிழ் இணைய மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டினார். 1999இல் 53 வயதிலேயே காலமானார். 1888இன் அச்சிதழையும் 1995இன் திரையையும் ஒரே மனிதர் இணைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்து எங்கே அச்சேறுகிறதோ அங்கேதான் இலக்கியம் உருவாகும் என்பதை அவர் வரலாற்றிலிருந்து கற்றிருந்தார். பிற்பாடு ‘திண்ணை’ போன்ற மின்னிதழ்களில் சிங்கப்பூர்க்காரர்கள் எழுதினார்கள். ‘தங்கமீன்’ இங்கிருந்தே இணைய இதழாக வந்தது. 2018இல் தொடங்கிய ‘அரூ’ அறிபுனைவுக்கும் கனவுருப்புனைவுக்கும் இடம் கொடுத்தது. அச்சிதழ்களின் பக்கம் நிலைமை வேறு. மலேசியாவில் 1924 முதல் நடந்த தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. சிங்கப்பூரில் தமிழ் நாளிதழ் என்றால் முரசு ஒன்றுதான். அதன் ஞாயிற்றுப் பதிப்பில் கதைக்கும் கவிதைக்கும் கிடைக்கும் இடத்தை நம்பி மட்டும் ஒரு நாட்டின் இலக்கியம் காத்திருக்க முடியாது.

சரி, இணையத்தில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? புள்ளிவிவரம் காட்டிக் கேட்பவர்களுக்குப் புள்ளிவிவரத்தாலேயே பதில் சொல்லலாம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடாக இறங்கியது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 36.7 விழுக்காட்டிலிருந்து 27.9க்கு வந்துவிட்டது. வருத்தம் தரும் எண்கள்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் குடியுரிமை பெற்றவர்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே உண்டு. வேலை அனுமதியில் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ் ஊழியர்கள் அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நடந்து பார்த்தால் தெரியும், தமிழ் பேசும் சிங்கப்பூர் கணக்கெடுப்பு சொல்வதைவிடப் பெரியது. அவர்களில் பெரும்பாலானோர் இலக்கிய நிகழ்ச்சிக்கு வரமாட்டார்கள், 20 வெள்ளி கொடுத்துப் புத்தகம் வாங்கமாட்டார்கள். கைபேசி எல்லாரிடமும் இருக்கிறது. இணையத்தில் எழுதும் முன்னாள் செய்தியாளருக்கு இதைவிடப் பொருத்தமான வாசகர் எங்கே கிடைப்பார்? ஆனால் ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. இணைய வாசகரில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருப்பதால், அவருக்காக எழுதும் ஆசை வந்துவிடும். அப்போது சிங்கப்பூர் ஒரு சுற்றுலாப் படமாகச் சுருங்கி, எம்ஆர்டியும் மரினா பேயும் முஸ்தபா கடையும் கதையின் பின்னணித் திரையாகத் தொங்கத் தொடங்கும். தன் ஊர்க்காரருக்கு எழுதும்போது எதை விளக்க வேண்டியதில்லை என்று தெரிந்திருப்பதுதான் உள்ளூர் இலக்கியத்தின் பலம்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. பத்திரிகையில் சொல்ல முடியாததை இணையத்தில் சொல்லலாம் என்று வருகிறவர் ஏமாந்துபோவார் என்பது அது. இதற்கு நம் கண்முன்னே ஒரு நிகழ்வு உண்டு. அது தமிழரைப் பற்றியதன்று, ஆனால் நம் தெருவில் நடந்தது. ஜாகிர் ஹுசைன் கோகன் பங்ளாதேஷில் தன்னிச்சைச் செய்தியாளராக இருந்தவர். 2003இல் சிங்கப்பூருக்குக் கட்டுமான ஊழியராக வந்தார். 2014இல் வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி முதன்முதலாக நடந்தபோது முதல் பரிசு அவருக்குத்தான். மறு ஆண்டும் அவரே வென்றார். லிட்டில் இந்தியாவின் ரோவல் சாலையில், ‘பங்களார் கந்தா’ ஏட்டின் ஆசிரியர் ஏ.கே.எம். மொஹ்சின் 2011இல் தொடங்கிய ‘திபாஷ்ரம்’ என்ற சிறு இடத்தில் இப்படிப்பட்டவர்கள் கூடிக் கவிதை படித்தார்கள், பாடினார்கள், நாடகம் போட்டார்கள். 2021இல் ஜூரோங்கில் ஒரு விடுதியில் நடந்த பிரச்சினை பற்றி ஜாகிர் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதினார். ஊழியர்களை அடிமைகள் என்றும் விடுதிகளைத் தொழிலாளர் முகாம்கள் என்றும் குறிப்பிட்டிருந்தார். 2022இல் அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அவருடைய பதிவு பொய்யானது, வேண்டுமென்றே தூண்டிவிடும் தன்மையுடையது என்ற வகையில் மனிதவள அமைச்சு விளக்கம் தந்தது. 19 ஆண்டு இங்கே உழைத்தவர் ஊர் திரும்பினார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை வாசகர் முடிவுக்கு விடுகிறேன். கவனிக்க வேண்டியது வேறு. அவர் கவிதைகளில் விடுதியும் பிரிவும் களைப்பும் இருந்தன, அவை பரிசு பெற்றன. நடவடிக்கைக்குக் காரணமானது உரைநடையில் எழுதிய ஒரு பதிவு. ஆகவே கவிதை பாதுகாப்பான மறைவிடம் என்று சொல்ல வரவில்லை, அப்படி நினைத்து எழுதும் கவிதை உருப்படாது. நான் சொல்ல வருவது இது: செய்தித்தாளில் ஒரு வரி எழுதும்போது எழுதியவருக்குப் பின்னால் துணையாசிரியர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், சட்டம் தெரிந்தவர் இருக்கிறார், நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இணையத்தில் தனியாக எழுதுகிறவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. சுதந்திரத்தோடு பொறுப்பு முழுவதும் ஒரே தலையில் வந்து இறங்குகிறது.

முன்னாள் செய்தியாளர் பின்னால் விட்டுவிட்டுப் போவது எது என்று தொடக்கத்தில் கேட்டதற்கு இதுவே பதில்: ஆசிரியர். எழுதியதை வாங்கிப் படித்து, மூன்றாம் பத்தியிலிருந்து தொடங்கு என்று சொல்லும் ஆள். நம் இணையத் தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பரிசுகளுக்கும் பஞ்சமில்லை. தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருது 1993இலிருந்து இருக்கிறது, சிங்கப்பூர் இலக்கியப் பரிசு இருக்கிறது, கவிஞர்களின் கவிமாலையும் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களமும் மாதந்தோறும் கூடுகின்றன, வாசகர் வட்டம் நூலகத்தில் கூடுகிறது. சிராங்கூன் சாலையின் பெயரைச் சூடிக்கொண்ட ‘தி சிராங்கூன் டைம்ஸ்’ போன்ற இதழ்கள் தேர்ந்தெடுத்து வெளியிடுகின்றன. இவை அனைத்தும் பாராட்டவோ தேர்ந்தெடுக்கவோ செய்கின்றன. ஒரு பிரதியை எழுதியவரோடு உட்கார்ந்து செப்பனிடும் வேலை மிகக் குறைவாகவே நடக்கிறது. ஃபேஸ்புக்கில் கவிதை போட்டால் ஐந்து நிமிடத்தில் ‘அருமை’ வந்துவிடுகிறது. அந்த ‘அருமை’யால் திருந்திய வரி ஒன்றுகூட இருக்காது. முரசின் மணிமன்றக் காலத்தில் ஒரு பள்ளி மாணவனின் கட்டுரை அச்சாவதற்கு முன் பெரியவர் ஒருவரின் பேனா அதன்மீது ஓடியிருக்கும். இன்றைக்கு அந்தப் பேனா எங்கே இருக்கிறது என்று தேடினால், முன்னாள் செய்தியாளர்களின் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அவர்களோ அதை மூடிவைத்துவிட்டுத் தங்கள் சொந்த நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாவல் எழுதட்டும், தடுக்கவில்லை. ஆனால் இந்தத் திறமை உள்ளவர்கள் இந்த ஊரில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கதை எழுதத் தெரிந்தவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு.

எழுத்துக்கு நாம் தரும் மதிப்பு அதைச் செப்பனிடுவதில் மட்டுமல்ல, பாதுகாப்பதிலும் இருக்கிறது. மகுதூம் சாயபுவின் உரையாடலைப் பற்றி இன்று நாம் வாதிட முடிகிறதென்றால் அந்த இதழ் தப்பிப் பிழைத்தது ஒன்றே காரணம். சிங்கப்பூரின் பொன்விழாவை ஒட்டி, 2015இல், 50 ஆண்டுத் தமிழ்ப் படைப்புகளைத் தேடித் திரட்டி, 350க்கும் மேற்பட்ட நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தார்கள் தொண்டூழியர்கள். அது அச்சு நூல்களின் கதை. இணையத்தில் மட்டும் வந்த கவிதையும் கதையும் தளத்தின் ஆண்டுச் சந்தாவைக் கட்டாமல் விட்டால் ஒரே நாளில் காணாமல் போகும். 2019இலிருந்து நூலக வாரியம் சிங்கப்பூர் முகவரியில் பதிவான தளங்களைச் சேகரிக்கச் சட்டம் இடம் தருகிறது. நம் மின்னிதழ்களும் எழுத்தாளர் தளங்களும் வெளிநாட்டு முகவரியில் இருந்தால் அந்த வலையில் தாமாக விழாது. மின்னூல்களையும் நூலகத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. இதை எடுத்துச் சொல்லவும் செய்தி அறிந்தவர்தான் வேண்டும்.

ஆகவே செய்தியறையை விட்டு வெளியே வந்து கவிதையும் கதையும் எழுதிக்கொண்டிருக்கும் அன்பர்களிடம் ஒன்று கேட்கலாம். உங்கள் கதையை எழுதுங்கள், நாங்கள் படிக்கிறோம். அத்தோடு மாதம் ஒரு முறை, இன்னும் பெயர் தெரியாத ஒருவரின் கைப்பிரதியை வாங்கி, சிவப்பு மையால் திருத்தி, காரணம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அந்த ஒருவர் பள்ளி மாணவியாக இருக்கலாம், விடுதியில் மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு கைபேசியில் தட்டச்சு செய்யும் ஊழியராகவும் இருக்கலாம்.